ஃபெயிலோவர் கட்டளை அடிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெட்வொர்க்கைக் காக்கும் ஃபயர்வால் பெட்டிகளை ஜோடியாக வைப்போம். ஆக்டிவ் பெட்டி ட்ராஃபிக்கைப் பார்க்கும், ஸ்டாண்ட்பை பெட்டி காத்திருக்கும். பொறுப்பு ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவதுதான் ஃபெயிலோவர். போன வாரம், வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர் அப்படி ஒரு ஜோடியில், அதன் நிலையைக் காட்டும் ‘ஷோ ஃபெயிலோவர்’ அடித்தார். ‘ஸ்டாண்ட்பை ரெடி’ என்று வந்ததும் அவர் கை பொறுப்பை மாற்றும் கட்டளைக்குப் போய்விட்டது. இருங்கள் என்று நிறுத்தினேன். நான் ஒரு காலத்தில் செய்த அதே தவறு. பேக்கப் எடுங்கள், கேபிளைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். சிஸ்கோ ஏஎஸ்ஏ என்ற ஃபயர்வாலை வைத்துச் சொல்கிறேன், நான் அதிகம் புழங்கியது அதில்தான்.

‘ஸ்டாண்ட்பை ரெடி’யை மட்டும் நம்புவது

துணைப் பெட்டி (ஜோடியில் இரண்டாவது) உயிரோடு இருக்கிறது, கான்ஃபிக் அதற்கு வந்துவிட்டது, கண்காணிக்கும் இன்டர்ஃபேஸ்களில் (நெட்வொர்க் இணைப்பு முனைகளில்) பழுது தெரியவில்லை. ‘ஸ்டாண்ட்பை ரெடி’க்கு அவ்வளவுதான் பொருள். கண்காணிக்காத இன்டர்ஃபேஸ் எந்த நிலையில் இருந்தாலும் அது ரெடி என்றே சொல்லும்.

ஒரு இரவு, முதல் பெட்டியை ரீலோட் செய்ய வேண்டியிருந்தது. ஆக்டிவாக இருந்த அதில், பொறுப்பை எதிர்ப் பெட்டிக்குக் கொடுக்கும் ‘நோ ஃபெயிலோவர் ஆக்டிவ்’ அடித்தேன். தொலைவிலிருந்து உள்ளே போயிருந்த எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தது. அதே ஐபிக்கு மறுபடி உள்ளே போனால், சர்வர்கள் இருந்த விலான் (தனியாகப் பிரித்த நெட்வொர்க்) செத்துக் கிடந்தது. கட்டளை சரியாகப் போகவில்லை என்று நினைத்து அதையே இன்னொரு முறை அடித்தேன். விலான் திரும்பி வந்தது. சரி, மாற்றம் இப்போதுதான் முடிந்தது என்று முடிவு கட்டி, முதல் பெட்டியின் கன்சோலில் (அந்தப் பெட்டிக்கே நேராகப் போகும் இணைப்பில்) ரீலோட் கொடுத்தேன்.

ஆக்டிவ் ஐபி ஒரு பெட்டியோடு ஒட்டியிருப்பதில்லை. யார் ஆக்டிவோ அவரிடம் போய்விடும். இரண்டாவது தடவை நான் கட்டளை கொடுத்தது துணைப் பெட்டிக்கு. பொறுப்பு முதல் பெட்டிக்கே திரும்பியிருந்தது, ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியைத்தான் ரீலோட் செய்தேன். அது எழுந்து வந்தபோதும் ஸ்டாண்ட்பையாகத்தான் வந்தது. விலான் செத்தபடியே இருந்தது.

துணைப் பெட்டி இணைந்திருந்த ஸ்விட்சின் ட்ரங்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பில்) அந்த விலான் சேர்க்கப்படவே இல்லை. இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது, அது திரையிலேயே எழுதியிருந்ததுதான். ஏஎஸ்ஏவில் பிசிகல் இன்டர்ஃபேஸ்கள் இயல்பாகவே கண்காணிக்கப்படும். அவற்றை விலான்வாரியாகப் பிரித்த சப்இன்டர்ஃபேஸ்களுக்கு ‘மானிட்டர்-இன்டர்ஃபேஸ்’ என்று நாமே கொடுக்க வேண்டும். ‘ஷோ ஃபெயிலோவர்’ காட்டிய அந்த விலானின் வரியில் ‘நார்மல்’ என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘நாட்-மானிட்டர்ட்’ என்று இருந்தது. நார்மலைப் படித்தேன், அடைப்புக்குறியைப் படிக்கவில்லை.

முக்கியமான ஒவ்வொரு வரியிலும் ‘மானிட்டர்ட்’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘வெயிட்டிங்’ என்று நின்றால் எதிர்ப் பெட்டியின் ஹலோ (உயிரோடு இருக்கிறேன் என்ற செய்தி) அந்த வழியாக வந்து சேரவில்லை. ஸ்டாண்ட்பை ஐபி (ஸ்டாண்ட்பை பெட்டிக்கான முகவரி) கொடுத்திருக்கிறதா, நடுவில் விலான் வழி திறந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அந்தப் புதியவரின் திரையில் இரண்டு சப்இன்டர்ஃபேஸ்கள் ‘நாட்-மானிட்டர்ட்’ என்றே இருந்தன. அன்று மாற்றத்தைத் தள்ளிவைத்தோம்.

ப்ரைமரியையும் ஆக்டிவையும் ஒன்றாக நினைப்பது

ப்ரைமரி என்பது பெட்டிக்கு வைத்த பெயர், ஆக்டிவ் என்பது அது இப்போது பார்க்கும் வேலை. ப்ரைமரி ஸ்டாண்ட்பையாக இருக்கலாம். அங்கே கான்ஃபிக் மாற்றினால் ஆக்டிவுக்குப் போகாது, அப்புறம் இரண்டும் இரண்டு விதமாக நிற்கும். ‘ப்ராம்ப்ட் ஹோஸ்ட்நேம் ப்ரையாரிட்டி ஸ்டேட்’ என்று ஒரு முறை கொடுத்துவிட்டால், எந்தப் பெட்டி, என்ன நிலை என்று ஒவ்வொரு வரியிலும் கண்ணில் படும். எனக்கு அன்று அது இருந்திருந்தால் ரீலோட் அடித்திருக்க மாட்டேன்.

கடைசிச் சொல்லை விடுவது

‘நோ ஃபெயிலோவர் ஆக்டிவ்’ என்பதில் ‘ஆக்டிவ்’ஐ விட்டு, ‘நோ ஃபெயிலோவர்’ என்று நிறுத்தினால் ஃபெயிலோவரே அணைந்துவிடும். ட்ராஃபிக் ஓடிக்கொண்டே இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஹோல்டு டைமை அவசரப்பட்டுக் குறைப்பது

இயல்பாக 1 வினாடிக்கு ஒரு ஹலோ, அது வராவிட்டால் 15 வினாடி காத்திருப்பு. இந்தக் காத்திருப்புதான் ஹோல்டு டைம். 800 மில்லிவினாடி வரை குறைக்கலாம். ஆனால் சிபியூ கொஞ்சம் திணறினாலே பெட்டி செத்துவிட்டதாக எதிர்ப் பெட்டி நினைத்து, தேவையில்லாமல் பொறுப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

‘ஷோ ஃபெயிலோவர் ஹிஸ்டரி’யை நகலெடுக்காமல் ரீலோட் செய்வது

நிலை எப்போது, ஏன் மாறியது என்ற பதிவு அது. செய்யாதீர்கள்.