பத்துப் பேருக்குத் தலைவர்: கிறிஸ்தவ இளையோர் கோடை முகாமில் தன்னார்வலராகப் பணியாற்றுவது எப்படி?

கோடை முகாமில் உதவ முன்வருகிறவர்களில் பலர் மேடையை மனத்தில் வைத்துக்கொண்டே பெயர் கொடுக்கிறார்கள். பாடல் நடத்த வேண்டும், குறுநாடகம் போட வேண்டும், செய்தி கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. ஆனால் ஓராண்டு கழித்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தால், மேடையில் பேசியவரின் பெயரைக் காட்டிலும், தங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட அண்ணனின் பெயரோ அக்காவின் பெயரோதான் அவர்கள் நினைவில் நிற்கிறது. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில், காலை முதல் மாலை வரை தனியாளாக ஜனங்களை நியாயம் விசாரித்துக்கொண்டிருக்கும் மோசேயைப் பார்த்து அவருடைய மாமனார் எத்திரோ, ஆயிரம் பேர், நூறு பேர், ஐம்பது பேர், பத்துப் பேர் என்று பிரித்து ஒவ்வொரு தொகுதிக்கும் தலைவரை ஏற்படுத்தச் சொல்கிறார். அந்த வரிசையில் கடைசியாக வருகிற பத்துப் பேரின் தலைவர்தான் முகாமின் குழுத் தலைவர்.

பெயர் கொடுக்குமுன் முகாம் பொறுப்பாளரைச் சந்தித்து, பிள்ளைகளின் வயது என்ன, இரவு தங்க வேண்டுமா, ஒரு தலைவருக்கு எத்தனை பேர், தலைவர்களுக்குப் பயிற்சி எப்போது, சிறார் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க முகாம் சங்கம் தன் தர வரையறையில், இரவு தங்கும் முகாம்களுக்கு 9 முதல் 14 வயது வரை எட்டுப் பேருக்கு ஒருவர் என்றும், 15 முதல் 18 வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர் என்றும் வைத்திருக்கிறது. எந்த நாட்டு முகாமுக்கும் இது நல்ல அளவுகோல். இருபது பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைக்கிற முகாமாக இருந்தால், இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்ளும்படி தயங்காமல் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தோடு உங்கள் சபை ஆயரின் பரிந்துரைக் கடிதத்தையும், காவல்துறை நன்னடத்தைச் சான்றையும் கேட்பார்கள். ‘சிறு வயது முதல் என்னைத் தெரியுமே, என்னிடமுமா கேட்கிறீர்கள்?’ என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. தெரிந்தவர்களிடம் கேட்காமல் விடுகிற முகாம் தெரியாதவர்களிடமும் நாளடைவில் கேட்காது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கை, பொதுவாக 18 வயது நிறையாத எவரையும் சிறாராகவே கணக்கிடுகிறது. பத்தொன்பது வயதுத் தலைவரும் பதினேழு வயது முகாமினரும் ஊரில் ஒரே பாடகர் குழுவில் நண்பர்களாக இருக்கலாம். முகாமுக்குள் நுழைந்த பிறகு ஒருவர் பெரியவர், மற்றவர் அவருடைய பொறுப்பில் இருப்பவர். இளம் தலைவர்கள் தடுமாறுகிற இடம் பெரும்பாலும் இதுவே என்பதால், முதல் நாளுக்கு முன்பே இதை மனத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வேதபாடம். எனக்கு முதன்முதலாகக் குழு கொடுக்கப்பட்டபோது, மத்தேயு 14ஆம் அதிகாரத்தில் பேதுரு தண்ணீரின்மேல் நடந்து, பலத்த காற்றைக் கண்டு பயந்து அமிழத் தொடங்கிய பகுதியை எடுத்துக்கொண்டு, நாற்பது நிமிடம் பேசுவதற்கு ஒன்பது பக்கக் குறிப்பு எழுதிச் சென்றிருந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே இருவர் தூங்கி வழிந்தார்கள். அப்போது ஓரத்தில் செருப்பு வாரைப் பிரித்துப் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்த ஒரு பையன், “அண்ணா, பேதுரு மீன் பிடிக்கிறவர்தானே, அவருக்கு நீச்சல் தெரியாதா? அப்புறம் ஏன் ‘ஆண்டவரே என்னை இரட்சியும்’ என்று கத்தினார்?” என்று கேட்டான். என் ஒன்பது பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவன் ஒருவன் எழுந்து, யோவான் 21ஆம் அதிகாரத்தில் இதே பேதுரு கடலில் குதிக்கிறாரே என்றான். அப்படியானால் தெரிந்த வித்தையும் கைகொடுக்காத அளவுக்கு அந்தக் காற்றில் என்ன இருந்தது என்று பிள்ளைகளே பேசத் தொடங்கி, தேர்வு, தகப்பனின் வேலையிழப்பு, நண்பனின் துரோகம் என்று தங்கள் காற்றுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். மணி அடித்தும் எவரும் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு பகுதிக்கு மூன்று கேள்விகளுக்கு மேல் நான் எழுதிக்கொள்வதில்லை. ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடிந்துவிடும் கேள்வியும், ‘இயேசு’ என்று சொன்னாலே சரியாகிவிடும் கேள்வியும் வேண்டாம். கேட்ட பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஆறாம் ஏழாம் எண்ணில் அமைதி தாங்க முடியாததாகத் தோன்றும், பெரும்பாலும் எட்டில் யாராவது வாய் திறப்பார்கள். எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் பிள்ளையை, வசனத்தை வாசிக்கும் வேலை கொடுத்து மதிப்போடு நிறுத்தி வைக்கலாம். தெரியாத கேள்விக்குத் ‘தெரியவில்லை, நாளை விசாரித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லி, மறுநாள் மறவாமல் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம், திருவிருந்து போன்றவற்றில் பிள்ளைகள் பல சபைப் பின்னணிகளிலிருந்து வந்திருப்பார்கள் என்பதால், அவரவர் வீட்டில் கற்றதைத் தாழ்த்திப் பேசுவது தலைவருடைய வேலைக்குள் வராது.

கைவேலையையும் விளையாட்டையும் நேரம் போக்கும் ஏற்பாடாக நினைத்துவிட வேண்டாம். 1868இல் சிறுவர் ஊழியரான ஜோசையா ஸ்பியர்ஸ் வேல்ஸ் நாட்டின் லான்டட்னோ கடற்கரையில் ‘தேவன் அன்பாயிருக்கிறார்’ என்னும் வாக்கியத்தை மணலில் எழுதி, சிப்பிகளையும் கடற்பாசியையும் கொண்டு அதை அலங்கரிக்கும்படி அங்கிருந்த சிறுவர்களை அழைத்தார். பிள்ளைகளின் கைக்கு வேலை கிடைத்த பிறகே கதை சொன்னார். விளையாட்டில் ஒரே ஓர் எச்சரிக்கை: இரண்டு பிள்ளைகளை அணித் தலைவர்களாக நிறுத்தி ஆளெடுக்கச் சொல்லாதீர்கள். கடைசிவரை எடுக்கப்படாமல் நிற்கிற பிள்ளைக்கு, அன்று இரவு தேவ அன்பைப் பற்றி நீங்கள் பேசுவது எதுவும் காதில் ஏறாது. எண்ணைச் சொல்லிப் பிரித்துவிடுங்கள்.

இனி, ஒருபோதும் தளர்த்தக் கூடாத விதிகள். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. தனியே பேச வேண்டியிருந்தால், மற்றவர்கள் கண்ணில் படுகிற, ஆனால் காதில் விழாத இடத்தில் உட்கார வேண்டும். உறங்கும் அறைக்கும் குளியலறைப் பக்கத்துக்கும் இன்னொரு தலைவரோடுதான் செல்ல வேண்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தால் சொல்கிறேன்’ என்று ஒரு பிள்ளை தொடங்கினால், அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். ‘உனக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்வேன்’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். துன்புறுத்தலைப் பற்றி ஏதேனும் சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாமல் கேட்டு, பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி, அன்றைக்கே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். ஜெபித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவது பக்தியாகாது. குற்றஞ்சாட்டப்படுகிறவர் ஆயராகவோ மூத்த தலைவராகவோ இருந்தாலும் நடைமுறை மாறாது.

உடல்நலப் படிவங்களை முதல் நாளே வாசித்து, ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு உள்ள பிள்ளைகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மருந்துகள் ஒருவரிடம் பூட்டி இருக்கட்டும். அவசர மருந்துகளான இன்ஹேலரும், கடும் ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசியும் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கோடை என்பதால் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். வெயிலில் விளையாடிய பிள்ளை குழறிப் பேசினாலோ தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் அந்த நிலையில், ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு நிழலில் கிடத்தி, உடலில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதபோது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நீர்நிலைக்குப் போனால் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் இருக்க வேண்டும். பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்து, அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் சத்தமே இருக்காது.

வீட்டு நினைவு முதல் இரவைவிட இரண்டாம் இரவில்தான் கடுமையாக வருவதைப் பல முறை கண்டிருக்கிறேன். முதல் நாளின் புதுமை தீர்ந்திருக்கும். வயிற்று வலி என்று வருவார்கள். சாப்பிடாமல் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். ‘இரண்டு நாள் பார், பிடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்’ என்று பேரம் பேசினால், பிள்ளை அந்த இரண்டு நாளையும் எண்ணிக்கொண்டே கழிக்கும். ‘வீட்டு ஞாபகம் வருவது இயல்புதான்’ என்று ஒப்புக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லி, மறுநாள் காலைக்குச் சிறு பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள். பாட்டுப் புத்தகங்களை எடுத்து வைப்பது போதும். இரவெல்லாம் அழுகை நிற்காவிட்டால் பெற்றோரிடம் பேசும் முடிவு பொறுப்பாளருடையது.

கடைசி இரவுக் கூட்டத்தைப் பற்றி என் கருத்து சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நாலு நாள் தூக்கம் கெட்ட பிள்ளைகளை, விளக்கைக் குறைத்து, மெதுவான பாடலைத் திரும்பத் திரும்பப் பாடி, இயேசுவை ஏற்றுக்கொள்வதாகக் கை உயர்த்த வைப்பது எளிது; அது விசுவாசமா, களைப்பா என்று பிள்ளைக்கே தெரியாது. அழைப்பு கொடுக்க வேண்டுமானால் பகலில், யோசிக்கவும் மறுக்கவும் இடம் விட்டுக் கொடுங்கள். கை உயர்த்தாத பிள்ளையோடு மறுநாள் காலையிலும் அதே சிரிப்போடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

தலைவரும் தூங்க வேண்டும். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழே படுத்தபோது, அவருக்கு முதலில் கிடைத்தது உறக்கமும் அடையும் தண்ணீரும். தேவனுடைய மெல்லிய சத்தம் அதன் பிறகு வந்தது. இன்னொரு தலைவரோடு முறை வைத்துக்கொண்டு நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓய்ந்திருங்கள். எரிச்சலில் சொன்ன ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க முகாமில் நாட்கள் போதாது.

வீடு திரும்பிய வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி எழுதி, அந்தரங்கமாகச் சொன்னவற்றைத் தவிர்த்து, அந்தந்தச் சபை ஆயருக்கோ ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கோ பொறுப்பாளர் வழியாகச் சேர்ப்பியுங்கள். படங்களைப் பெற்றோரின் எழுத்து மூலமான அனுமதியின்றி வெளியிட வேண்டாம். பிள்ளைகளோடு தொடர்பு வைப்பதானால், பெற்றோருக்குத் தெரிந்து, இன்னொரு தலைவரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் மட்டும் பேசுங்கள். ‘ஜெபித்துக்கொள்கிறேன்’ என்று யாருக்கெல்லாம் வாக்குக் கொடுத்தீர்களோ, அவர்களுடைய பெயர்களை ஒரு தாளில் எழுதி, தினமும் திறக்கிற புத்தகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பத்துப் பேர்தான்.