நோய் தேறிய பின்: எதிர்ப்பாற்றலும் உணவுப் பழக்கமும்

1846-ஆம் ஆண்டு வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, அதை நேரில் ஆராய்ந்த பீட்டர் பானும் (Peter Panum) என்ற டென்மார்க் மருத்துவர், 1781-இல் அதே நோய் கண்டு தேறியிருந்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட அது மறுபடி வரவில்லை என்று பதிவு செய்தார். 65 ஆண்டுகள் கழித்தும் உடல் அந்தக் கிருமியை மறக்கவில்லை.

எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் திரும்பத் திரும்ப வருகிறது. டெங்குவில் 4 வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து போனவருக்கு வேறொரு வகை தொற்றினால் நோய் முன்பைவிடக் கடுமையாகும் வாய்ப்பு உண்டு. ஆகவே உடல் தேறியதும் முதலில் செய்ய வேண்டியது, வந்தது என்ன நோய் என்று மருத்துவரிடம் கேட்டறிந்து, பரிசோதனை முடிவைத் தேதியோடு பத்திரப்படுத்துவதும், அதற்குத் தடுப்பூசி இருந்தால் எப்போது போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்துகொள்வதும்தான். எதிர்ப்பாற்றல் வரட்டும் என்று தொற்றை வேண்டுமென்றே வரவழைத்துக்கொள்வது பேராபத்து. தட்டம்மையோ, பிற கிருமிகளைப் பற்றி உடல் சேர்த்துவைத்த நினைவையே பெருமளவு அழித்துவிடக்கூடியது.

கிருமியைப் பற்றிய அந்த நினைவை எந்த உணவாலும் உண்டாக்க முடியாது; அப்படிச் சொல்லி விற்கப்படும் எதையும் நம்ப வேண்டாம். உணவின் வேலை வேறு. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் புரதத்தால் ஆனவை; கடுமையான காய்ச்சலிலோ உடல் தன் தசையையே கரைத்துச் செலவிடுகிறது. எனவே பசி குறைந்திருக்கும் முதல் வாரங்களில், நீர்த்த கஞ்சியால் வயிற்றை நிரப்பிக்கொள்ளாமல், வேகவைத்த பருப்பையோ முட்டையையோ முதல் நான்கு வாய் உண்டுவிட்டு மற்றதைத் தொடுங்கள். வேளைக்கு அளவு குறைவாக, நாளுக்கு ஐந்தாறு முறை சாப்பிடலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

பசி திரும்பியதும் தட்டில் பாதியைக் காய்கறி, பழங்களுக்கும், கால் பங்கை முழுத்தானியத்துக்கும், கால் பங்கைப் புரதத்துக்கும் ஒதுக்கி, அதையே நிரந்தரப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நாளொன்றுக்குக் காய்கறியும் பழமும் சேர்ந்து குறைந்தது 400 கிராம், உப்பு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்த உப்பு, தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவுதான். நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரும் போதிய அளவு குடியுங்கள்.

துத்தநாக மாத்திரைகளைத் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் பலர். அது அளவு மீறினால் உடலில் தாமிரம் குறையும். தாமிரம் குறைந்தால், கிருமியோடு போராடும் வெள்ளணுக்களே குறைந்துபோகும். பரிசோதனையில் துத்தநாகக் குறைபாடு தெரிந்தால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலம் வரை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போனாலோ காய்ச்சல் திரும்பினாலோ, உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.