பிரான்சின் கிராமச் சாலைகளில் நிதானப் பயணம்

அறுபதைக் கடந்தவர்கள் பிரான்சின் நாட்டுப்புறத்தைக் காரில் சுற்றிப் பார்க்க விரும்பினால், சுங்கம் வசூலிக்கும் அதிவேக நெடுஞ்சாலைகளை விட்டுவிட்டு, வரைபடத்தில் ‘டி’ என்ற எழுத்துடன் குறிக்கப்படும் மாவட்டச் சாலைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலைகளில் 2018 முதல் வேக வரம்பு பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர். சில மாவட்டங்களில் மட்டும் 90. ஊர்ப்பெயர்ப் பலகையைத் தாண்டியதும், வேறு எண் எழுதப்படாவிட்டால், அது 50 ஆகிவிடும். அதே பெயரின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை வந்தால் ஊர் முடிந்தது என்று பொருள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது சந்திப்புகளில்தான். பலகையோ கோடோ இல்லாத இடத்தில், வலப்புறச் சந்திலிருந்து வரும் வண்டிக்கே, அது ஆடி அசைந்து வரும் டிராக்டராக இருந்தாலும், முன்னுரிமை உண்டு; வெள்ளை விளிம்புடன் மஞ்சள் சாய்சதுரப் பலகை தென்பட்டால் முன்னுரிமை நமக்கே.

சிற்றூர்க் கடைகள் பல நண்பகலில் இரண்டு மணி நேரம் அடைத்துவிடுவதால், ரொட்டியையும் சீஸையும் காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தோர்தோஞ் பகுதிக்குச் செல்வோர் சார்லா நகரின் புதன் அல்லது சனிக்கிழமைச் சந்தைக்கு ஏற்றவாறு பயணத்தை அமைக்கலாம். அங்கே காரின் ஸ்டீயரிங் இடப்புறம் இருப்பதால், வலக்கையால் கியர் மாற்றிப் பழகாதவர்கள் ஆட்டோமேட்டிக் வாடகைக் காரை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும்.