ஏற்காடு இறக்கத்தில் கீழே போன பிரேக் பெடல்

முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றிய என் பழைய அம்பாசடரில், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் மெல்ல மெல்ல கீழே போகும். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள சாலை, விளையாட்டுக் காரியமா? சேலம் டவுனுக்குள் ஓட்டினால் எந்தக் குறையும் தெரியாது. ஒருவழியாகச் சரியாகிவிட்டது, அப்பாடா.

முதலில் பிரேக் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுத்தோம். பிறகு பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் கிட், காப்பர் வாஷர் எல்லாம் மாற்றினோம். பலனில்லை. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் ஆயில் மட்டும் குறைந்தது.

காட்டிக்கொடுத்தது பெயின்ட். இடது முன்சக்கரத்துக்கு மேலே, பைப்பும் ரப்பர் ஹோஸும் சேரும் பிராக்கெட்டில் பெயின்ட் சுருங்கி உரிந்திருந்தது. பிரேக் ஆயில் பட்டால் அப்படித்தான் ஆகும். கழற்றிப் பார்த்தால், பழைய பைப்பின் நட் 3/8 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை. டிஸ்க்கோடு வந்த ஹோஸ் எம்10, அதாவது 10 மி.மீ. அளவு, மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி. 3/8 இன்ச் என்பது சுமார் 9.5 மி.மீ. தான்; உள்ளே போகும், டைட் ஆனது போலவும் இருக்கும். கையால் ஓரிரு சுற்று ஏற்றி ஆட்டிப் பார்த்தால்தான் லொடலொடப்பு தெரியும். முனையும் வேறு: பழையது புனல் போல விரிந்த டபுள் ஃபிளேர், ஹோஸுக்கு வேண்டியது குமிழ் போலப் புடைத்த பபிள் ஃபிளேர்.

அப்புறம் 3/16 இன்ச் காப்பர்-நிக்கல் பைப் வாங்கி, ஒரு முனையில் 3/8 நட்டும் டபுள் ஃபிளேரும், மறுமுனையில் எம்10 நட்டும் பபிள் ஃபிளேரும் போட்டோம். வெறும் காப்பர் பைப் வளைக்க எளிது, ஆனால் அதிர்வில் இறுகி வெடிப்பு விடும். அதைத் தொடவே வேண்டாம். இப்போது அடிவாரம் வரை பெடல் ஒரே உயரத்தில் நிற்கிறது.