புஷ்வாக்ல விசித்திரமா வளந்த மரம் கண்ல பட்டா எப்படி பாக்கறது

ஆஸ்திரேலியால புஷ்வாக், அதாவது காட்டு நடை போறவங்க கோணல்மாணலா ஒரு யூகலிப்டஸ பாத்ததும் ஒரு போட்டோவ எடுத்துட்டு நடைய கட்டிருவாங்க, ஆனா ரெண்டு நிமிஷம் நின்னு பாத்தா அந்த மரத்துக்கு என்ன ஆச்சுன்னு ஓரளவு நாமளே கண்டுபிடிச்சிரலாம்.

முதல்ல அடிய பாருங்க. தரையோட ஒட்டி பெருசா வீங்கி முண்டும் முடிச்சுமா இருந்தா அது நோய் இல்ல, லிக்னோட்யூபர். உள்ள மொட்டும் மாவுச்சத்தும் சேத்து வச்சிருக்கும், மேல மொத்தமும் எரிஞ்சு போனாலும் இங்கேர்ந்து துளிர்க்கும். மாலீன்னு சொல்ற குட்டை யூகலிப்டஸ் மரங்கள்ல ஒரே முண்டுலேர்ந்து அஞ்சாறு தண்டு கெளம்பி நிக்கறது இதனாலதான்.

அப்புறம் தண்டு. பட்டை கரிஞ்சு கெடக்கு, ஆனா கெளையே இல்லாத எடத்துல தண்டுலேர்ந்து நேரா கொத்துக்கொத்தா இலை வருதுன்னா அங்க தீ வந்துட்டு போயிருக்குன்னு அர்த்தம். பட்டைக்கு அடியில ஆழமா தூங்கிட்டு இருந்த மொட்டு முழிச்சிருக்கு. ஆஸ்திரேலியால 2019-20 பெரிய காட்டுத்தீக்கு அப்புறம் வந்த பல போட்டோல பாத்தது இதுதான். எல்லா யூகலிப்டஸும் இப்படி தப்பிக்காது, மவுண்டன் ஆஷ்ங்கற யூகலிப்டஸ் வகை பெரிய தீ வந்தா செத்துரும், விதைலேர்ந்துதான் மறுபடி வரணும்.

மேல ஒரு கெளைல மட்டும் அடர்த்தியா கொத்து தொங்குதா, போன்ல ஜூம் பண்ணுங்க, ஒட்டுற எடம் வீங்கியிருந்தா புல்லுருவி. நம்மூர் மாமரத்துல பாத்திருப்பீங்க, இங்க உள்ளதுல பல வகை, அது ஏறின மரத்தோட இலை மாதிரியே இலை விடும், அதனால சட்டுனு தெரியாது. சிட்னி பக்கம் வழவழ பட்டைல கோடு கோடா கிறுக்கியிருந்தா எந்தப் பையனும் கிறுக்கல, ஸ்கிரிப்ளி கம் மரம், ஒரு அந்துப்பூச்சியோட புழு பட்டைக்குள்ள குடைஞ்ச வழி அது.

இப்ப முக்கியமான விஷயம், தழும்பு. பழைய மரத்துல நீள்வட்டமா பட்டை இல்லாம உள்மரம் தெரியுது, சுத்தி பட்டை உதடு மாதிரி உருண்டு வந்திருக்கு, தழும்பு தரையைத் தொடல, இதெல்லாம் சேந்து இருந்தா பழங்குடி மக்கள் படகுக்கோ கேடயத்துக்கோ பட்டை உரிச்ச மரமா இருக்கலாம். சில மரத்துல கோடாலி வெட்டு கூட தெரியும். அடில அகலமா மேல போகப்போக குறுகி முக்கோணமா தரை வரைக்கும் இருந்தா பெரும்பாலும் தீ பட்ட தழும்பு. ரெண்டு கெளை ஒட்டி வளையமா ஆகியிருந்தா கொஞ்சம் யோசிங்க, உரசி உரசி தானா ஒட்டறதும் உண்டு, விக்டோரியா மாநிலத்துல பழங்குடியினர் எளங்கெளைய கட்டிவிட்டு வளையமாக்கின மரங்களும் உண்டு.

சந்தேகம் இருந்தா தொடாதீங்க, பட்டைய பிக்காதீங்க. விக்டோரியால 2006 பழங்குடி பாரம்பரியச் சட்டப்படி இந்த மாதிரி மரத்துக்கு பாதுகாப்பு இருக்கு. முழு மரம், அடி, கிட்டத்துல தழும்புன்னு மூணு போட்டோ, பக்கத்துல அளவுக்கு தண்ணி பாட்டில வச்சு எடுங்க, ஜிபிஎஸ் லொகேஷனோட அந்த மாநில பழங்குடி பாரம்பரியத் துறைக்கு அனுப்புங்க, ஃபேஸ்புக்ல மட்டும் லொகேஷன போட்ராதீங்க.

ஆத்தோரம் வளர்ற ரிவர் ரெட் கம்ங்கற யூகலிப்டஸ் மரத்தை பாக்கப் போனா பாத்துட்டு நகந்துருங்க, அடில டென்ட் போடவே போடாதீங்க, காத்தே இல்லாத நாள்ல கூட பெரிய கெளைய பொத்துனு போட்ரும்.