மண்ணில் குரோமியம் அளப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு டேனரி (தோல் பதனிடும் ஆலை) வாசனையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாலாற்றுப் பகுதி டேனரிக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 ஆகஸ்ட்டில். இன்றைக்கும் ஒரு பாலிதீன் பையில் மண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, "இதில் குரோமியம் எவ்வளவு இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்பவர்கள் உண்டு. எந்த இடத்து மண், எவ்வளவு ஆழம், எதை வைத்துத் தோண்டினீர்கள் என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். அந்தப் பையை எவ்வளவு விலை உயர்ந்த கருவியில் வைத்தாலும் வருகிற எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

ஆகவே இந்தப் பதிவில் கருவியைப் பற்றிக் குறைவாகவும், கருவிக்கு முன்னால் நடப்பதைப் பற்றி அதிகமாகவும் பேசப் போகிறேன். குரோமியத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஈயம், காட்மியத்துக்கும் வழி பெரும்பாலும் இதுதான். பாதரசத்துக்கு இல்லை. அது சூட்டில் ஆவியாகிவிடும் என்பதால் அதன் கதை வேறு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "எங்ககிட்டதான் மண்வள அட்டை இருக்கே, அதில் காப்பர், ஜிங்க் எல்லாம் போட்டிருக்கே?" என்று கேட்பார்கள். அந்த அட்டையில் 12 அளவீடுகள் இருக்கும். குரோமியம், ஈயம், காட்மியம் அதில் கிடையாது. அதிலுள்ள காப்பரும் ஜிங்க்கும்கூடப் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்குதான், மண்ணில் இருக்கிற மொத்தம் அல்ல.

படி 1: எந்தக் குரோமியம்?

குரோமியம் மண்ணில் முக்கியமாக இரண்டு வேதி வடிவங்களில் இருக்கும்: மூன்று இணைதிறன், ஆறு இணைதிறன். டேனரியில் தோலைப் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது மண்ணில் ஒட்டிக்கொண்டு அவ்வளவாக நகராது. ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரோடு ஓடும், புற்றுநோயும் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் (ஆறு இணைதிறன் குரோமியச் சேர்மம்) தொழிற்சாலை விட்டுப்போன கழிவு மேடு பிரச்சினையாக இருப்பது இதனால்தான். ஆக, டேனரிக் கழிவுநீர் பாய்ந்த வயல் என்றால் மொத்தக் குரோமியத்தில் ஆரம்பிக்கலாம். குரோமேட் கழிவு கொட்டிய இடம் என்றால் ஆறு இணைதிறனைத் தனியாக அளந்தே ஆக வேண்டும். இதை மண் எடுக்கப் போகும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏனென்றால் மாதிரியைப் பாதுகாக்கும் விதம் இரண்டுக்கும் வேறு.

படி 2: மண் எடுப்பது

ஒரு வயலுக்கு ஒரே இடத்தில் ஒரு கை அள்ளுவது பயனில்லை. வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில் எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் சருகு, புல்லை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ வடிவத்தில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் ஓரச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் ஒரு பட்டை செதுக்குங்கள். பிள்ளைகள் விளையாடும் இடம் என்றால் 15 செ.மீ. வேண்டாம், மேல் 2 செ.மீ. மட்டும் போதும். அவர்கள் கையில் ஒட்டுவது அதுதானே.

குழியை மண்வெட்டியால் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் மண்வெட்டி பட்ட பரப்பைப் பிளாஸ்டிக் கரண்டியாலோ மூங்கில் சிம்பாலோ சுரண்டித் தள்ளிவிட்டு, அதன் பின்னால் இருக்கும் மண்ணை எடுங்கள். சேர்த்து வைக்கப் பிளாஸ்டிக் பக்கெட். நாக முலாம் பூசிய இரும்பு வாளி கூடாது; அது ஜிங்க்கைக் கொட்டிவிடும்.

எல்லாவற்றையும் ஒரு பாலிதீன் தாளில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, கூட்டல் குறி போட்டு நாலு பங்காக்குங்கள். எதிரெதிர் இரண்டு பங்கை எறிந்துவிட்டு மிச்சத்தை மறுபடி கலந்து, அரைக் கிலோ வரும்வரை இதையே செய்யுங்கள். பையின் மேல் தேதி, ஆழம், ஜிபிஎஸ் புள்ளி. பைக்குள்ளே துண்டுச் சீட்டு போடுவதானால் பென்சிலில் எழுதுங்கள், ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும்.

இன்னொன்று, இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: கழிவு எட்டாத, அதே வகை மண்ணுள்ள இடத்திலிருந்தும் இரண்டு மூன்று மாதிரிகள் வேண்டும். எதற்கு என்பது கடைசியில் தெரியும்.

படி 3: காய வைப்பது, சலிப்பது, அரைப்பது

நிழலில், தூசி படாத அறையில், பிளாஸ்டிக் தட்டில் காய வையுங்கள். காய்ந்ததும் மரக்கட்டையால் கட்டிகளை உடைத்து 2 மி.மீ. நைலான் சல்லடையில் சலியுங்கள். பித்தளைச் சல்லடை வேண்டாம். சலித்ததில் ஒரு பகுதியை எடுத்து அகேட் கல்வத்தில் (அகேட் என்னும் கடினமான கல்லால் ஆன சிறு உரல்) மாவாக அரைக்க வேண்டும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. படித்து முடித்த புதிதில் 24 மாதிரிகள் கையில் இருந்தன. அகேட் கல்வம் ஒன்றே ஒன்று, கை வலி வேறு. வீட்டிலிருந்து பழைய மிக்ஸியைக் கொண்டுவந்து ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் அரைத்துவிட்டேன். முடிவுகள் வந்தபோது எல்லாவற்றிலும் குரோமியம் தூக்கலாக இருந்தது. கழிவே எட்டாத மேட்டு நிலத்து மண்ணிலும் அப்படித்தான். இரண்டு நாள் யோசித்த பிறகுதான் நிக்கல் கணக்கைப் பார்த்தேன். அதுவும் கூடவே ஏறியிருந்தது, குரோமியம் ஏறியதில் ஏறக்குறைய பாதி அளவுக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் சாதாரணக் கலவையே 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல்! மண்ணில் இருந்த கடினமான குவார்ட்ஸ் மணல் மிக்ஸி ஜாரைத் தேய்த்திருக்கிறது, நான் ஜாரை அளந்திருக்கிறேன். நல்லவேளையாகச் சலித்த மண்ணில் பாதியை அரைக்காமல் வைத்திருந்தேன்.

ஆறு இணைதிறனுக்கான மண்ணை மட்டும் காய வைக்கவே கூடாது. ஈரத்தோடு புட்டியில் அடைத்து 4 டிகிரி செல்சியஸில் வைத்து, 30 நாளுக்குள் பிரித்தெடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மண்ணில் உள்ள கரிமப் பொருள் அதை மூன்று இணைதிறனாக மாற்றிவிடும்.

படி 4: அமிலத்தில் கரைப்பது

வீட்டில் செய்கிற வேலை அல்ல இது. ஃபியூம் ஹுட் (புகையை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டி), கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர், இத்தனையும் இல்லையென்றால் தொடாதீர்கள். பரவலாகப் பின்பற்றப்படுவது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 3050பி முறை. சுருக்கமாகச் சொன்னால்:

- மண் சுமார் 1 கிராம். நாலாவது தசமம்வரை எடை போட்டு, வந்த எண்ணை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.
- பாதி நீர் பாதி நைட்ரிக் அமிலம் 10 மி.லி. ஊற்றி, வாட்ச் கிளாஸால் (குழிந்த கண்ணாடி மூடி) மூடி, கொதிக்கவிடாமல் 95 டிகிரியில் 10–15 நிமிடம்.
- ஆறியதும் அடர் நைட்ரிக் அமிலம் 5 மி.லி. சேர்த்து அரை மணி நேரம். பழுப்புப் புகை வந்தால் இன்னொரு 5 மி.லி. புகை நிற்கும்வரை இப்படியே. பிறகு 5 மி.லி. அளவுக்கு வற்றவிட்டு ஆறவிடுங்கள்.
- 2 மி.லி. நீர், 3 மி.லி. ஹைட்ரஜன் பெராக்ஸைடு (30%). நுரை அடங்க அடங்க 1 மி.லி.யாகச் சேர்க்கலாம், மொத்தம் 10 மி.லி.க்கு மேல் போகாமல். மறுபடி 5 மி.லி.க்கு வற்றவிடுங்கள்.
- ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி. ஊற்றி 15 நிமிடம் சூடாக்கி, வாட்மேன் 41 வடிதாளில் வடிகட்டி, 100 மி.லி.க்கு நிரப்புங்கள்.

பெராக்ஸைடு ஊற்றும் இடத்தில் நிதானம் வேண்டும். தொழு உரம் நிறையப் போட்ட மண் என்றால் பால் பொங்குவதுபோல் ஒரே நொடியில் பொங்கி பீக்கரைத் தாண்டிவிடும். பொங்கினால் அந்த மாதிரி போயிற்று, திரும்ப எடை போட வேண்டியதுதான்.

கடைசியில் பீக்கர் அடியில் வெளுத்த மணல் தங்கும். பயப்பட வேண்டாம், சிலிக்கேட்டை இந்த அமிலங்கள் கரைப்பதில்லை. குரோமியம் உள்ள குரோமைட் கனிமமும் முழுசாகக் கரையாது. அதனால் உங்கள் எண் ‘மொத்தக் குரோமியம்’ அல்ல, அமிலத்தில் கரையும் குரோமியம். அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்.

ஒன்றாகக் கரைக்கும் ஒவ்வொரு தொகுதி மாதிரியோடும் மண்ணே இல்லாமல் அமிலம் மட்டும் போட்ட பிளாங்க் ஒன்று, ஏதாவதொரு மாதிரிக்கு டூப்ளிகேட் ஒன்று, மதிப்பு சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மண் ஒன்று, மூன்றும் போக வேண்டும். அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் விற்கும் 2711ஏ மொன்டானா மண்ணில் ஈயம் 1,400 மி.கி./கிலோ, காட்மியம் 54.1 என்று சான்றிதழே சொல்லும். உங்கள் கையில் ஈயம் 900 வந்தால் எங்கோ தப்பு. குரோமியம் மட்டும் சான்றிதழைவிடக் குறைவாகத்தான் வரும், மேலே சொன்ன கரையாத பகுதி காரணமாக. அதற்கு 3050 முறையில் கிடைத்த மதிப்புகள் சான்றிதழின் பின்னிணைப்பில் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள்.

படி 5: கருவி

பெரும்பாலான கல்லூரிகளில் இருப்பது ஏஏஎஸ்தான் (கரைசலைச் சுடரில் தெளித்து, தனிமம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி). குரோமியத்துக்கு ஒளியின் அலைநீளம் 357.9 நானோமீட்டர். மண்ணில் இரும்பு சதவீதக் கணக்கில் இருப்பதால், காற்று–அசிட்டிலீன் சுடரில் அது குரோமியத்தின் சிக்னலை அமுக்கிவிடும். அம்மோனியம் குளோரைடு சேர்த்தோ, நைட்ரஸ் ஆக்ஸைடு சுடருக்கு மாறியோ சமாளிக்கலாம். கருவியை அளவுதிருத்தப் பயன்படும், செறிவு தெரிந்த கரைசல்களான ஸ்டாண்டர்டுகளை மாதிரியில் உள்ள அதே அமில அளவில் தயாரியுங்கள், வெறும் தண்ணீரில் வேண்டாம்.

துப்பாக்கி போல் கையில் பிடித்து, எக்ஸ்ரே பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி எங்கே அதிகம், எங்கே குறைவு என்று வேகமாகப் பார்க்க உதவும். ஒரு எச்சரிக்கை: அதில் ஈயத்தின் ஒரு கோடும் ஆர்செனிக்கின் ஒரு கோடும் 10.5 கேஇவி (எக்ஸ்ரே ஆற்றலின் அலகு) பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஈயம் நிறைய இருக்கும் மண்ணில் அது சொல்லும் ஆர்செனிக்கை நம்பாதீர்கள்.

ஆறு இணைதிறனுக்கு அமிலமே கூடாது. சோடியம் கார்பனேட், சோடியம் ஹைட்ராக்ஸைடு கலந்த காரக் கரைசலில் 90–95 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பிரித்தெடுத்து, பிறகு அமிலப்படுத்தி டைஃபினைல்கார்பசைடு சேர்ப்பார்கள். குரோமேட் இருந்தால் கரைசல் நாவல்பழத்தைக் கசக்கியதுபோல் ஊதா நிறத்துக்கு மாறும். அதை 540 நானோமீட்டரில் அளக்க வேண்டும்.

படி 6: கணக்கு

ஒரு கற்பனை உதாரணம். எடை 1.023 கிராம், இறுதிக் கன அளவு 100 மி.லி., கருவி காட்டியது லிட்டருக்கு 1.84 மி.கி., பிளாங்க் 0.02.

(1.84 − 0.02) × 100 ÷ 1.023 = 177.9 மி.கி./கிலோ

இது காற்றில் உலர்ந்த மண்ணுக்கு. அதே மண்ணில் கொஞ்சத்தைத் தனியாக 105 டிகிரியில் உலர்த்தும் அடுப்பில் (ஓவன்) வைத்து ஈரம் 3% என்று கண்டால், 177.9 ÷ 0.97 = 183 மி.கி./கிலோ. இதுதான் எழுத வேண்டிய எண்.

183 அதிகமா, குறைவா? கனடா குடியிருப்பு மண்ணுக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு மொத்தக் குரோமியத்துக்கு 64 மி.கி./கிலோ, ஆறு இணைதிறனுக்கு 0.4. அதைப் பார்த்து உடனே கூச்சல் போட வேண்டாம். சேலம் மேக்னசைட் மலைப் பக்கமோ, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலோ பாறையிலேயே குரோமியம் இருக்கிறது. டேனரியே இல்லாமல் மண்ணில் எண் எகிறும். இங்கேதான் கழிவு எட்டாத இடத்தில் எடுத்த அந்த மாதிரிகள் கைகொடுக்கும். அங்கே 40 வந்து வயலில் 183 வந்தால் பேச விஷயம் இருக்கிறது. அங்கேயும் 170 என்றால் பேச வேண்டியது பாறையைப் பற்றி.

மிச்சம் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். சலித்து, அரைக்காமல், பிளாஸ்டிக் புட்டியில் அடைத்து, லேபிளோடு ஒரு வருடமாவது வையுங்கள். நீங்கள் சொன்ன எண்ணை யாராவது மறுத்தால், இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்ப அந்தப் புட்டிதான் இருக்கும்.