பனிக்காலத்தில் பெல்லட் ஸ்மோக்கர்: செய்யக் கூடாதவை

அமெரிக்காவின் மினசோட்டா, கனடாவின் ஒன்டாரியோ பக்கம் ஜனவரியில் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். பெல்லட் எனும் மரத்தூள் குச்சிகளை எரித்து, அந்தச் சூட்டிலும் புகையிலும் கறியை வேகவைக்கும் மின்சார அடுப்புதான் பெல்லட் ஸ்மோக்கர். அந்தக் குளிரிலும் அது ஒழுங்காகவே ஓடும். பாதியில் நின்றுபோனால் ஈரம், காற்று, சாம்பல், நம் அவசரம், இவற்றில் ஒன்றுதான் அநேகமாகக் காரணம்.

மிகவும் ஆபத்தானது, நடுவில் தீ அணைந்ததும் சுவிட்சைத் தட்டி மறுபடி ஓட்டுவது. தீ அணைந்தது சூட்டைக் கவனிக்கும் கன்ட்ரோலருக்கு உடனே தெரியாது. சூடு போதவில்லை என்று கணக்குப் போட்டு, ஆகர் எனும் திருகுத்தண்டைச் சுற்றவிட்டுப் பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பெல்லட் எரியும் தீக்கிண்ணம் நிரம்பி வழியும். அந்தக் குவியலுக்கு அடியில் இக்னைட்டர் (பற்றவைக்கும் கம்பி) மறுபடி பழுக்கும்போது பெல்லட் எரியாமல் புகையும். மஞ்சள் கலந்த கெட்டிப்புகை உள்ளே தேங்கும். அந்தப் புகையே எரியக்கூடியது. திடீரெனப் பற்றினால் மூடியையே தூக்கிப் போடும். அப்படிப் புகை கக்கும் நேரத்தில் மூடியைத் திறக்கவும் கூடாது. காற்று புகுந்தால் குப்பென்று பிடிக்கும்.

தீ அணைந்துவிட்டால் முதலில் கறியை வீட்டு ஓவனுக்கு மாற்றுங்கள். 4 முதல் 60 டிகிரிக்குள் அது வெகுநேரம் கிடந்தால் கெட்டுப்போகும். மெஷினை அணைத்து, பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறவிடுங்கள். கம்பித்தட்டு, கொழுப்புத்தட்டு, அதற்குக் கீழுள்ள தகடு மூன்றையும் எடுத்துவிட்டு, கிண்ணத்தில் இருப்பதை இரும்பு வாளியில் வழித்துப் போடுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், அடியில் கங்கு ஒளிந்திருக்கும். பிறகு புதிதாகப் பற்றவையுங்கள். மூடி திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

தீ ஏன் அணைகிறது? முதல் சந்தேகம் பெல்லட்மேல். அது வெறும் மரத்தூளை அழுத்திச் செய்தது. ஈரம் பட்டால் ஊதி உதிர்ந்துவிடும். ஆகர் குழாய்க்குள் அப்படி ஊதிய தூள் காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகும், அப்புறம் மோட்டாரைக் கழற்றித்தான் சுரண்ட வேண்டும். ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். நல்ல பெல்லட் பளபளப்பாக இருக்கும், 'டக்'கென்று முறியும். நமுத்த முறுக்கு மாதிரி வளைந்து பொடிந்தால் கொட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் பெல்லட் கொட்டும் பெட்டியான ஹாப்பரைக் காலி செய்து, மிச்சத்தை இறுக மூடும் வாளியில் வைப்பதே சரி. பனி உருகி ஹாப்பர் மூடியின் இடுக்கில் இறங்குவது கண்ணுக்கே தெரியாது.

அடுத்த சந்தேகம் சாம்பல்மேல். கிண்ணத்தில் அது சேர்ந்தால் காற்றுத்துளைகள் அடைபடும். குளிர்காலத்தில் ஒவ்வொரு சமையலுக்கு முன்பும் சுத்தம் செய்யுங்கள்.

பெல்லட்டை அளந்து வாங்குவதிலும் தப்புக்கணக்கு உண்டு. மிதமான வானிலையில் 107 டிகிரியில் மணிக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். குளிரும் காற்றும் சேர்ந்தால் அது இரட்டிப்பாகலாம். 12 மணி நேரம் வேகும் பிரிஸ்கெட்டுக்கு (மாட்டு நெஞ்சுக்கறி) 9 கிலோ மூட்டை ஒன்றை நம்பி இறங்காதீர்கள். ஹாப்பர் நிறைந்திருப்பது போலத் தெரியும், நடுவில் மட்டும் குழி விழுந்து ஆகருக்கு ஒன்றும் போகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிடுங்கள்.

சூடேற 15 நிமிடம் என்பது கோடைக் கணக்கு. இப்போது 30 முதல் 45 நிமிடம் விடுங்கள். அப்புறம் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். சூடு சரிவதைப் பார்த்து கன்ட்ரோலர் பெல்லட்டை அள்ளிப் போடும், மூடியதும் வெப்பம் எல்லை தாண்டும். கறிக்குள் செருகும் தெர்மாமீட்டர் எதற்கு இருக்கிறது?

காற்று அடிக்கிறதென்று கேரேஜுக்குள் இழுத்துவிடுவது உயிரோடு விளையாடுவது. கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு தேங்கும். காற்று படாத சுவர் மறைவில், கையேடு சொல்லும் இடைவெளி விட்டு, வெளியிலேயே வையுங்கள். சூடு காக்க மேலே போர்த்தும் உறை அந்த மாடலுக்கென்று விற்பதாக இருக்கட்டும். புகைபோக்கியை மூடக் கூடாது, அதிக சூட்டில் கழற்றிவிட வேண்டும்.

மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரில் மின்னழுத்தம் குறையும், இக்னைட்டர் சரியாகப் பழுக்காது. வெளிப்புறத்துக்கான 14 கேஜ் தடிமனுள்ள ஒயர், முடிந்தவரை குட்டையாக.

கை விறைக்கிறதென்று கடைசியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடாதீர்கள். அணைக்கும் சுற்று முடியும்வரை விசிறி ஓடினால்தான் மிச்சப் பெல்லட் எரிந்து தீரும். இல்லாவிட்டால் தீ ஆகர் வழியே ஹாப்பர் பக்கம் ஊரும். கொழுப்பு வடியும் குழாயையும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வழித்துவிடுங்கள். மறுநாள் அது மெழுகாக உறைந்து வழியை அடைத்திருக்கும், அடுத்த முறை 200 டிகிரிக்கு ஏற்றும்போது தட்டிலேயே தேங்கிப் பற்றிக்கொள்ளும்.